ஆணி அடிக்கும் உயரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதை இல்லை. இயேசுநாதரைப் பற்றி ஒன்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அற்புதம் வேண்டாம், சிலுவை வேண்டாம், உயிர்த்தெழுவதும் வேண்டாம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போதும் என்று நினைத்தேன். இருபது, இருபத்தைந்து வயதில், நாசரேத்தில், ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து அந்த மனுஷன் என்ன செய்தார்?

இந்த ஆசை எனக்கு எங்கே பிடித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கடலூரின் பழைய டவுனான ஓ.டி.யில் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் பாஸ்கா நாடகம், அதாவது இயேசு பாடுபட்ட கதை, போடுவார்கள். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் தவறாமல் போவேன். ஒரு வருஷம் இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கி, மாதா மடியில் கிடத்தி, கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கூட்டத்தில் நசுங்க வேண்டாமென்று மேடையின் பின்பக்கமாகப் போனேன். அங்கே இயேசுநாதர் முள்முடியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொழம்பு மிச்சம் இருக்குதா?"

கேட்டவன் மரியலூர்து. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், நாடகத்தில் எப்போதும் இயேசு. நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, தாடி என்று விரதம் இருந்துதான் வேஷம் கட்டுவான். அதுவரை மூன்று மணி நேரமாக அழுதுகொண்டிருந்த எனக்கு, அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. அசல் இயேசுவும் எப்போதாவது இப்படிக் கேட்டிருப்பார் அல்லவா? கேட்டிருப்பார். அதை எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவம்.

2

ஆகவே உட்கார்ந்தேன். எழுதினேன்.

"நாசரேத்தில் பொழுது விடிந்தது. தச்சன் மகன் எழுந்து, வேப்பங்குச்சியால் பல்—"

வேப்பங்குச்சி நம்மூர்ச் சமாசாரம். விட்டுவிட்டேன்.

"உளியைத் தீட்டிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை—"

என்ன பாட்டு? பாடுவாரா? குரல் எப்படி? தெரியாது.

"அம்மா சொன்னதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்—"

இங்கே பேனா நின்றே விட்டது. அவர் அழுதார் என்று பைபிளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிரித்தார் என்று யாரும் எழுதவில்லை. பன்னிரண்டு வயதில் கோயிலில் காணாமல்போய்க் கிடைத்தார், அப்புறம் பார்த்தால் முப்பது வயது. நடுவில் இருந்த அத்தனை வருஷமும் யார் வாயிலும் இல்லை. படகில் தலையணை வைத்துத் தூங்கினாராம். குறட்டை விட்டாரா? கரையில் கரியடுப்பு மூட்டி மீன் சுட்டாராம்.* உப்புப் போட்டாரா, மறந்துவிட்டாரா?

(* மீன் சுட்டது உயிர்த்தெழுந்து வந்த பிறகு. செத்துப் பிழைத்து வந்த மனுஷன் அடுப்பு மூட்டிக் கூட்டாளிகளுக்கு மீன் சுட்டுப் போட்டாராமே என்று, என் மனைவி பொன்னிக்கு அவரை அந்த ஒரு இடத்தில்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்று.)

அந்த மனுஷனோடு ஒருநாள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காகிதம்தான் வீணாயிற்று.

3

அப்போதுதான் மரியலூர்து செத்துப்போனான். மஞ்சள்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. பெண்டாட்டி ஆரோக்கிய ராணி கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தை பெயர் ரோசி, அப்போது நடை பழகிக்கொண்டிருந்தது.

ஊரே அடக்கத்துக்குத் திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். நம்ம சேசு போயிட்டாரே. அன்றைக்கு ஆரோக்கிய ராணிக்கு அதுகூட ஓர் ஆறுதலாக இருந்தது.

கல்யாணத்தில் போட்டோ பிடிக்க அவர்களுக்கு வசதியில்லை. மரியலூர்து போட்டோ என்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், நாடகக் கமிட்டியார் எடுத்தது. தலையில் முள்முடி, நெற்றியில் சாய ரத்தம், சிவப்பு அங்கி, முகவாய் தெரியாமல் மூடிய தாடி. போட்டோக்காரர் வானத்தைப் பாருப்பா என்று சொல்லியிருக்கிறார். கண் இரண்டும் மேலே செருகியிருந்தன. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கீழே மெழுகுவத்தி ஏற்றினாள் ஆரோக்கிய ராணி. மற்ற வீடுகளில் செத்தவர் படத்துக்கு எல்லாரும் செய்வதுதான்.

ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாலைகூட வாங்கிக்கொண்டு வந்து போட்டாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஆரோக்கிய ராணி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

[என் தோளுக்குப் பின்னாலிருந்து பொன்னி கேட்கிறாள், அது சரி, அவள் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுகிறாள், மெழுகுவத்தியா தின்கிறாள் என்று. நியாயம்தான். மண்டியிலிருந்து மல்லாட்டை மூட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து தோலை உடைத்துக் கொடுக்கிறாள்.]

4

ரோசி பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, இது யார் என்று பிள்ளைகளைக் கேட்டார். எல்லாருக்கும் முன்னால் ரோசிதான் எழுந்து நின்றாள்.

"எங்கப்பா."

வகுப்பே சிரித்தது. சிஸ்டரும் சிரித்துவிட்டு, அப்படியும் சொல்லலாம்தான், அவர் எல்லாருக்கும் அப்பா என்று சமாளித்தார். ரோசிக்கு அது பிடிக்கவில்லை. எல்லாருக்கும் எப்படி அப்பா ஆவார்? வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல் அம்மாவைக் கேட்டாள்.

"எங்கப்பாவ ஏம்மா ஆணி அடிச்சாங்க?"

உங்கப்பாவை யாரும் ஆணி அடிக்கவில்லை, அவர் காமாலையில் செத்தார், மூட்டை தூக்கினவர், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனவர் என்று ஆரோக்கிய ராணி எவ்வளவோ சொன்னாள். குழந்தை சுவரைக் காட்டியது. முள்முடி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, அம்மா ஏன் பொய் சொல்கிறாள்?

இன்னொரு கூத்தும் உண்டு. டிரங்குப் பெட்டிமேல் தலையணையை அடுக்கி, அதன்மேல் ஏறி, படத்துக்கு நேராக எம்பி எம்பி நிற்பாள் ரோசி. விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வாள் என்று ஆரோக்கிய ராணி முதுகில் இரண்டு வைப்பாள். மறுநாளும் ஏறுவாள். ஏன் ஏறுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை.

பிள்ளை ஆணியைப் பற்றிக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே, வேஷமில்லாத புருஷனை நினைத்துப் பார்த்தாள் ஆரோக்கிய ராணி. பிள்ளைக்கு அவன் முகத்தையாவது சொல்லலாம் என்று. கண்ணை மூடினால் தாடி வந்தது. தாடிக்குள்ளே கை விட்டுத் தேடினாள். முகவாய் வரவில்லை. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமையே சிரைத்துக்கொண்டு வந்து நிற்பானே, வருஷத்தில் பத்து மாசம் அவளெதிரில் மழுமழுவென்று உட்கார்ந்து சாப்பிட்டவன்தானே. வரவில்லை. பயந்துபோனாள். இருக்கிற ஒரு படத்தையே பார்த்துப் பார்த்து, அந்தப் படம் அவனைத் தின்றுவிட்டது.

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கட்டின புருஷன் முகவாய் மறக்குமா? எந்த வாசகர் நம்புவார்? மேலே இருக்கும் பத்தியை அடித்துவிட்டு, "அவளுக்கு அவன் முகம் அச்சில் வார்த்ததுபோல் நினைவிருந்த—" என்று தொடங்கினேன். பொன்னி பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உங்கம்மா மொகத்த நெனச்சுப் பாருங்க. போட்டோல இருக்கறத சொல்லக் கூடாது."

நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அடித்த பத்தியை அப்படியே மறுபடி எழுதினேன்.

ஆரோக்கிய ராணி தைரியராஜிடம் போய்க் கேட்டாள். தைரியராஜ் மரியலூர்தோடு மூட்டை தூக்கியவன். நாடகத்தில் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் யூதாஸ். ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் ஆரோக்கிய ராணி அவனுக்குத் தங்கச்சி. அவருக்கு முகவாயில் குழி இருந்ததா அண்ணே, உதட்டுக்குக் கீழே மச்சம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். தைரியராஜ் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"வருசா வருசம் கன்னத்துல முத்தம் குடுத்தவன் நான். தாடி குத்தும், அது ஞாபகம் இருக்குது. மத்தபடி சிலுவைலதான் தங்கச்சி தெரியுறான்."

சொல்லிவிட்டு அழுதான். பிறகு அழுகையோடேயே மற்றதைச் சொன்னான். நாய் என்றால் மச்சானுக்கு அப்படி ஒரு பயம். பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைவான். ராகம் தெரியாமல் பாடுவான், நிறுத்தச் சொன்னால் சத்தமாகப் பாடுவான். ஆரோக்கிய ராணிக்கும் வந்தது. மீன் தலையைக் கடைசி வாய்க்கு என்று ஓரமாக ஒதுக்கி வைப்பான், அவள் தட்டில் கை நீட்டினால் சண்டைக்கு வருவான். இருவரும் சிரித்தார்கள். ஆள் முழுசாக வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது, முகம் மட்டும் இல்லாமல்.

சிதம்பரத்தில் மேலவீதியில் ஒரு பாய் இருக்கிறார், செத்தவர்களுக்கே கண் திறந்து வைக்கிறவர், அவரிடம் படத்தைக் கொண்டு போகலாம் என்று சொன்னது தைரியராஜ்தான்.

6

படத்தைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரோசியை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, பாசஞ்சர் வண்டியில் போனாள் ஆரோக்கிய ராணி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போயிற்று. [சிதம்பரம் என்றால் கோபுரத்தை இரண்டு வரி வர்ணிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண்ணாடி உடையக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. அவள் பார்க்காததை நான் எழுதுவது நன்றாக இருக்காது.]

ஸ்டூடியோக்காரர் பெயர் லியாக்கத் அலி. அந்தக் காலத்தில் செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் பிடிப்பார்கள் அல்லவா, அந்தப் படங்கள் இவரிடம்தான் வரும். பிரதி எடுத்து, பெரிசாக்கி, மெல்லிய பிரஷ்ஷால் கண்ணைத் திறந்துவிடுவார். கோட்டுப் போடாதவருக்குக் கோட்டுப் போடுவார். ஒன்றாக உட்கார்ந்தே இராத புருஷன் பெண்டாட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்.

சேலையைப் பிரித்துப் படத்தைப் பார்த்ததும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஈசா நபி வேஷம்மா இது, உங்க சேசுதான். நபிமாருங்க மொகத்துல நான் பிரஷ் வெக்க மாட்டேன்."

"வேஷத்த எடுக்கத்தான் பாய் கொண்டாந்தேன். உள்ள இருக்கறது எம் புருசன். மூட்ட தூக்குனவரு."

லியாக்கத் அலி அவளையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். ஞானோபதேச வகுப்பில் நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு படத்தை வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். முள்முடியை எடுத்துவிடலாம், முடியைப் படிய வாரிவிடலாம். ரத்தம் போய்விடும். அங்கிக்குப் பதிலாக என்ன சட்டை? கோடு போட்ட சட்டை ஒன்று வைத்திருந்தார், நீலக் கோடு என்றாள். அதுவும் ஆகும். தாடியை எடுத்துவிட்டால் முகவாய் எப்படி, சதுரமா, கூர்மையா, குழி உண்டா?

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரியவில்லை என்று ஒரு பெண்டாட்டி எப்படிச் சொல்லுவாள்? கடைசியில் சொன்னாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தெரியாவிட்டால் தாடி இருக்கட்டும் என்றார். நானாக ஒரு முகவாய் வரைந்தால், வேறு எவனோ வந்து உங்கள் வீட்டுச் சுவரில் உட்கார்ந்துகொள்வான், அப்புறம் அவனை எழுப்பி அனுப்ப முடியாது என்றார்.

இயேசுவுக்கு வேப்பங்குச்சி கொடுக்கப் போன எனக்கு இது உறைத்தது.

7

இங்கிருந்து கதையை முடிக்க இரண்டு வழி வைத்திருந்தேன்.

முதல் வழி: லியாக்கத் அலி மனசு இரங்கித் தாடியை எடுத்துவிடுகிறார். அழகான முகவாய். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டியதும் ரோசி, "யாரும்மா இந்த மாமா?" என்று—

வேண்டாம். அவளை அந்தப் பாடு படுத்த நான் யார்?

இரண்டாவது வழி: ஆரோக்கிய ராணி மனம் மாறி, எல்லாரும் கும்பிடுகிற படத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பி—

இதுவும் வேண்டாம். இது கமிட்டிக்காரர்களுக்குத்தான் பிடிக்கும்.

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு நேரம் சும்மா இருந்த ரோசி ஸ்டூலை மேசையருகே இழுத்து அதன்மேல் ஏறிவிட்டாள். ஏறி, படத்தின்மேல் கவிழ்ந்து பார்த்தாள். ஆரோக்கிய ராணி கையை ஓங்கினாள். வீட்டிலும் இதே தொல்லை பாய், பெட்டிமேல் ஏறி ஏறி நிற்கிறாள், அடித்தாலும் கேட்பதில்லை என்றாள். லியாக்கத் அலி குறுக்கே கையை நீட்டி, ஏன்டா கண்ணு ஏறுகிறாய் என்று கேட்டார். அவ்வளவு நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"அப்பா என்னப் பாக்குறாரான்னு. எவ்ளோ மேல ஏறுனாலும் இன்னும் மேலயே பாக்குறாரு."

ஆரோக்கிய ராணி ஓங்கிய கையால் குழந்தையை அள்ளிக்கொண்டாள். அடித்த முதுகைத் தடவினாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தாடி இருக்கட்டும் பாய். நீங்க சொன்ன மத்ததோட இந்தக் கண்ணையும் கீழ எறக்கிக் குடுத்துருங்க."

கண்ணை இறக்குவது அவருக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒன்றை அவள் தீர்மானிக்க வேண்டும் என்றார். நேராகப் பார்க்கிற மாதிரி கருவிழியை வைத்தால், வீட்டில் யார் எங்கே நின்றாலும் அவர்களைப் பார்ப்பார். சாமி படங்கள் அப்படித்தான். தாழ்த்தி ஓர் இடத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால், அங்கே நிற்கிறவரை மட்டும்தான் பார்ப்பார். மற்றவர்களுக்குக் கிடைக்க மாட்டார். எது வேண்டும்?

"ஊரப் பாத்ததெல்லாம் போதும் பாய். இனிமே இவளப் பாக்கட்டும்."

அவர் ரோசியைச் சுவரோரம் நிறுத்தி, தலை உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பிள்ளை வளர்ந்துவிடுவாளே என்றாள் ஆரோக்கிய ராணி. வளர வளர ஆணியைக் கொஞ்சம் மேலே ஏற்றி அடித்துக்கொள்ளுங்கள் என்றார் லியாக்கத் அலி.

8

படம் வந்துவிட்டது. தைரியராஜ்தான் ஆணி அடித்தான். சுத்தியலை ஓங்கும்போது ரோசி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆணி செவுத்துக்குத்தான மாமா?"

"செவுத்துக்குத்தாம்மா," என்றான் யூதாஸ்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் சிலுவை போட்டுக்கொள்வதில்லை. நீலக் கோடு போட்ட சட்டையில் இருக்கும் தாடிக்காரரை யார் கும்பிடுவார்கள்? படம் ஏன் ஒரு பக்கமாகக் குனிந்து பார்க்கிறது, போட்டோக்காரர் கெடுத்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ரோசி பெட்டிமேல் ஏறுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படத்தெதிரில் போய் நின்று அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் பையை இறக்குகிறாள். முதல் நாள் அவள் அங்கே போய் நின்று நிமிர்ந்து பார்த்தது இருக்கிறதே, அதை நான் எழுதவில்லை. எனக்குக் கை வராது.

நாசரேத்துச் செவ்வாய்க்கிழமையும் எனக்குக் கிடைக்கவில்லை. உலகத்தில் உள்ள அவர் படம் எல்லாம் மேலே பார்க்கிறது, இல்லாவிட்டால் எல்லாரையும் பார்க்கிறது. ஒரு தட்டைப் பார்த்து, ஓர் உளியைப் பார்த்து, அம்மாவை மட்டும் பார்த்துச் சிரித்த கண் எந்தப் படத்திலும் இல்லை. அந்தக் கண்ணுக்கு நான் ஏங்கிக் கிடந்தேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் முடிவு என்று ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆரோக்கிய ராணி இன்னும் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை. அது பிள்ளைக்குக் கொடுத்த கண் என்று ஒதுங்கி ஒதுங்கிப் போகிறாள். நின்றாலும் பிரயோசனம் இல்லை, அவளுடைய உயரத்துக்கு அவன் பார்வை எட்டாது, இடுப்போடு நின்றுவிடும். ஆசை இல்லாமலா? நாளெல்லாம் அதே நினைப்புத்தான். ஒரு தடவை அவன் என்னைப் பார்த்தால் போதும், முகவாய் வராவிட்டால் போகட்டும் என்று இருக்கிறது. கூடவே பயமும் இருக்கிறது. பார்த்தும் அது அவன் பார்வையாக இல்லாவிட்டால்?

மத்தியானம். ரோசி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். மண்டியிலிருந்து வந்த மல்லாட்டை மூட்டையைத் தைரியராஜ் இடம் பார்க்காமல் படத்துக்கு எதிரில் ரோசி நிற்கும் இடத்தை ஒட்டியே இறக்கிவிட்டுப் போய்விட்டான். தனியாளாக அவளால் அதை நகர்த்த முடியாது. தரையில் உட்கார்ந்தால் ஆரோக்கிய ராணியின் தலை ரோசியின் உயரத்துக்குத்தான் வரும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும்.

முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் அவளை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகிறேன், இதற்குமேல் இருந்து பார்ப்பது முறையில்லை. நீங்கள் கொஞ்சம் இருங்கள். மல்லாட்டையை நின்றுகொண்டே உடைக்க முடியாது, அவள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.